வேகக் காருக்கு மாற்று டயர்: எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட கார் ஒன்றைக் கைமாறிய வண்டியாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். காரின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும். அதற்குப் பொருந்தும் டயரின் விலை அப்படி இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது கேட்ட விலையில் நான்கில் ஒரு பங்குக்கு அந்தக் கார் கிடைத்திருக்கலாம். ஆனால் அதன் 19 அங்குல ரிம்மில் ஏறும் அகலமான டயர்கள் அன்று முதல் உரிமையாளரிடம் கேட்ட அளவுக்கே இன்றும் பணம் கேட்கின்றன. முதல் செட் தேய்ந்து முடிந்து, புதிய நான்கு டயர்களுக்கு விலை விசாரிக்கும் நாளில்தான் இந்த உண்மை உறைக்கிறது. அந்த நேரத்தில் கண்ணில் படும் மிக மலிவான டயரை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அது ஏன் பல நேரங்களில் நட்டத்தில் முடிகிறது, அப்படியானால் பணத்தை வேறு எங்கே மிச்சப்படுத்தலாம் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் டயர் செய்யும் வேலையின் அளவைப் பார்த்துவிடுவோம். 1,500 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சராசரியாக 375 கிலோ அமர்கிறது. காற்றழுத்தம் 2.3 பார் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையைத் தாங்கத் தரையோடு ஒட்டியிருக்க வேண்டிய பரப்பு ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் அஞ்சலட்டையின் அளவு. இன்ஜின் தரும் விசையானாலும், பிரேக் பிடிக்கும் விசையானாலும், வளைவில் காரைத் திருப்பும் விசையானாலும், எல்லாமே இந்த நான்கு அஞ்சலட்டைகள் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேருகின்றன. விலையுயர்ந்த பிரேக்குகளும் சஸ்பென்ஷனும் இந்தப் பரப்பு அனுமதிக்கும் எல்லைக்குள்தான் தங்கள் திறமையைக் காட்ட முடியும்.

பிடிப்பில் ஏற்படும் சிறு குறைவு எவ்வளவு பெரிய வேறுபாடாக மாறுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிடிப்பை அளக்கும் உராய்வுக் குணகம் 1 ஆக இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 39 மீட்டரில் நிற்கும். குணகம் 0.9 ஆகக் குறைந்தால் அதற்கு 44 மீட்டர் வேண்டும். ஒரு கார் நீளம் கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுவதுமாக நின்ற புள்ளியை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 31 கி.மீ.க்கு மேல் இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மீதமிருந்தாலே வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும். 10 சதவீதப் பிடிப்பு என்பது, முன்னால் நிற்கும் வண்டியைத் தொடாமல் நிற்பதற்கும் அதன் பின்புறத்தை நசுக்குவதற்கும் உள்ள இடைவெளி. நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் இடையே ஈரச் சாலையில் காணப்படும் வேறுபாடு இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

எல்லாக் குணங்களும் நிறைந்த டயரை ஏன் மலிவாகச் செய்ய முடிவதில்லை? விடை ரப்பர் கலவையின் இயல்பில் இருக்கிறது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அழுந்தி, உருமாறி, மீண்டு வரும்போது செலுத்திய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கரைகிறது. இந்த இழப்புதான் பிடிப்பின் முக்கியமான ஊற்று. ஆனால் அதே இழப்பு சாதாரண ஓட்டத்தில் உருளும் எதிர்ப்பாக மாறி எரிபொருளைக் குடிக்கிறது. மென்மையான கலவை நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். கடினமான கலவை நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். ஈரப் பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, தேய்மானம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் முக்கோணம். மிஷெலின் நிறுவனம் 1992-இல், கலவையில் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்த டயரைக் கொண்டுவந்தபோது இந்த முக்கோணத்தின் எல்லை கொஞ்சம் விரிந்தது. சிலிக்கா தானாக ரப்பரோடு ஒட்டாது. அதற்கெனத் தனி இணைப்பு வேதிப்பொருளும் கவனமான கலக்கும் முறையும் தேவை. மலிவான டயரில் மிச்சப்படுத்தப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கலவையிலும், அதை மீண்டும் மீண்டும் சோதித்துத் திருத்தும் உழைப்பிலும்தான். மேற்புறத்தின் கோலத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து வரைந்துவிடலாம். கலவையை அப்படி நகலெடுக்க முடியாது.

இதிலிருந்து என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த பணத்தில் டயர் வாங்குவது என்பது எதையாவது விட்டுக்கொடுப்பது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும், விற்பவர் தீர்மானிக்கக் கூடாது. தோற்றத்தை விடலாம், பெயரின் பெருமையை விடலாம், ஸ்டீயரிங்கின் கூர்மையில் ஒரு பங்கை விடலாம், ஆயுளைக்கூட விடலாம். ஈரச் சாலைப் பிடிப்பை மட்டும் விடக் கூடாது. காய்ந்த சாலையில் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் இடையே வேறுபாடு ஒப்பீட்டளவில் சிறியது. மழையில்தான் அது பூதாகரமாகிறது. அதிக விசையுள்ள பின்சக்கர இயக்கக் காரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

அளவைக் குறைத்தால் விலை குறையும்

மிச்சப்படுத்துவதற்கான மிகப் பெரிய வாய்ப்பு பிராண்டில் இல்லை, ரிம்மின் விட்டத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். 225/45 ஆர்17 94 டபிள்யூ என்றிருந்தால், 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ.; ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு; 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்; 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும் சுமைக் குறியீடு; டபிள்யூ என்பது மணிக்கு 270 கி.மீ. வரைக்கான வேகக் குறியீடு.

இப்போது 225/40 ஆர்18 என்ற அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 18 அங்குல டயரின் மொத்த விட்டம் 637 மி.மீ., 17 அங்குல டயரின் மொத்த விட்டம் 634 மி.மீ.; வேறுபாடு அரைச் சதவீதம்கூட இல்லை. 205/55 ஆர்16 அளவும் 632 மி.மீ.தான். எனவே ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்திலும் கியர் விகிதத்திலும் உணரத்தக்க மாற்றம் வராது. ஒரே மாடல் கார் அடிப்படைப் பதிப்பில் 16 அங்குலத்திலும் உயர் பதிப்பில் 18 அங்குலத்திலும் வருவது இதனால்தான். ஆனால் விலையில் ஒவ்வோர் அங்குலமும் ஒரு படிக்கட்டு. அதிலும் அரிதாகப் பயன்படும் 19, 20 அங்குல அளவுகளில் விலையும் கூடுதல், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் மாடல்களும் குறைவு. அதே காரின் சிறிய இன்ஜின் பதிப்பிலிருந்து கழற்றிய நல்ல நிலையிலுள்ள 17 அங்குல அலாய் சக்கரங்களை வாங்கினால், இரண்டு செட் டயர் மாற்றுவதற்குள் அந்த முதலீடு பெரும்பாலும் திரும்பிவிடும். உயர்ந்த பக்கச்சுவர் குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது கூடுதல் லாபம். இழப்பு என்று பார்த்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் கிடைக்கும் கூர்மை சற்று மழுங்கும். சக்கர வளைவுக்குள் கார் கொஞ்சம் வெறுமையாகவும் தெரியும். பலர் உண்மையில் தயங்குவது இந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான் என்பது என் ஊகம்.

இதற்கும் எல்லை உண்டு. வேகக் கார்களின் முன் பிரேக் டிஸ்க்குகளும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களும் பெரியவை. ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்குக் கீழே உள்ள ரிம் காலிப்பரின் மீது உரசும் அல்லது ஏறவே ஏறாது. கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ உரிமையாளர் கையேட்டிலோ தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகள் எழுதப்பட்டிருக்கும். தேர்வு அந்தப் பட்டியலுக்குள் இருக்கட்டும். போல்ட்டுகள் அமையும் வட்டம், நடுத் துளையின் விட்டம், ரிம் எவ்வளவு உள்வாங்கி அமைந்திருக்கிறது என்ற ஆஃப்செட் ஆகியவையும் பொருந்த வேண்டும். டயரின் அகலத்துக்கும் ரிம்மின் அகலத்துக்கும் உறவு உண்டு: 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுவது அழகுக்காகச் செய்யும் வித்தை; அதில் பக்கச்சுவர் தன் வேலையைச் செய்யாது.

சுமைக் குறியீட்டில் ஒருபோதும் கீழே இறங்கக் கூடாது. வேகக் குறியீட்டைப் பொறுத்தவரை எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கி.மீ. இந்த எழுத்து, தொடர்ந்து அந்த வேகத்தில் ஓடும்போது உண்டாகும் வெப்பத்தை டயரின் கட்டமைப்பு தாங்கும் என்பதற்கான சான்று; பிடிப்புக்கான சான்று அல்ல. பெயர் தெரியாத ஒரு தயாரிப்பில் டபிள்யூ என்று அச்சிட்டிருப்பதாலேயே அது மழையில் நன்றாக நிற்கும் என்று கொள்ள முடியாது. ஆயினும் பல நாடுகளின் சட்டமும் காப்பீட்டு ஒப்பந்தங்களும் கார் தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறியீட்டுக்குக் குறையாததைக் கேட்பதால், அதையும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் புதிய டயர்களின் மீது தர முத்திரை கட்டாயமானது; 2021 மே மாதம் அது திருத்தப்பட்டு, இப்போது எரிபொருள் சிக்கனமும் ஈரப் பிடிப்பும் ஏ முதல் இ வரையிலான ஐந்து வகுப்புகளில் குறிக்கப்படுகின்றன. வெளியே கேட்கும் ஓசையின் அளவும் அதில் இருக்கும். பணம் குறைவாக உள்ளவருக்கு இந்த முத்திரையில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: ஈரப் பிடிப்பு வகுப்பு. அதில் ஏ அல்லது பி இல்லாத டயரை வேகக் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் முத்திரையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதைத்தான் அது அளக்கிறது. வளைவில் காரின் நடத்தை, தேங்கிய நீரில் மிதக்கும் தன்மை, காய்ந்த சாலைப் பிடிப்பு, எல்லையைத் தாண்டும்போது டயர் முன்கூட்டியே எச்சரிக்கிறதா அல்லது திடீரென்று கைவிடுகிறதா என்பது ஆகிய எதையும் அது சொல்லாது. மேலும் அந்த அளவீடு புதிய டயருக்கானது. தேய்ந்த பிறகு பிடிப்பு எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கோரும் புதிய கார் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று விதி வந்திருப்பது, இந்தக் குறை எவ்வளவு முக்கியமானது என்பதைக் காட்டுகிறது.

அமெரிக்க முறை வேறு. அங்கே பக்கச்சுவரில் தேய்மான எண், ஈர இழுவைக்கான ஏஏ முதல் சி வரையிலான எழுத்து, வெப்பம் தாங்கும் திறனுக்கான ஏ முதல் சி வரையிலான எழுத்து ஆகிய மூன்றும் இருக்கும். தேய்மான எண்ணுக்காக டெக்சஸ் மாநிலச் சாலைகளில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டி, ஒப்பீட்டு டயருடன் தேய்மானத்தை ஒத்துப் பார்ப்பார்கள். ஒப்பீட்டு நிலையை 100 என்று கொண்டால், 300 என்ற எண் மும்மடங்கு உழைப்பைக் குறிக்க வேண்டும். ஆனால் இறுதி எண்ணைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரே. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் ஓரளவு உதவும். இரு வேறு நிறுவனங்களின் டயர்களை அதை வைத்துக்கொண்டு தராசில் நிறுத்த முடியாது. 200 அல்லது அதற்குக் கீழுள்ள எண்கள் கார்ப் பந்தயத் தளத்தை மனத்தில் வைத்துச் செய்த டயர்களில் காணப்படும். பந்தயத் தளத்தில் சூடேறிய நிலையில் அவற்றின் பிடிப்பு வியக்க வைக்கும். காலையில் அலுவலகம் போகும் வழியில் அவை அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. குளிர்ந்த, நனைந்த சாலையில் அவற்றைவிட ஒரு சாதாரண நல்ல டயர் பாதுகாப்பானது. பந்தயத் தளம் பக்கமே போகாதவர் இவற்றை வாங்குவது, கொடுத்த பணத்துக்குக் குறைந்த பிடிப்பை வாங்குவது.

சுயேச்சைச் சோதனைகள்தாம் முத்திரைகளைவிட நம்பகமானவை. ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கமும் ஆட்டோ பில்ட் இதழும் ஆண்டுதோறும் டயர்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிடுகின்றன. இவற்றைப் படிக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், ஈரப் பிரேக்கிங் தூரத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். சோதித்த அளவு நம் அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் அதற்கு அருகிலாவது இருக்க வேண்டும். 16 அங்குலத்தில் சிறந்து நின்ற மாடல் 19 அங்குலத்திலும் அப்படியே நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாம் வரிசையில் கிடைக்கும் நல்லவை

டயர்ச் சந்தையில் பெரிய குடும்பங்களுக்கு இளைய உடன்பிறப்புகள் உண்டு. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். ஜெனரல் டயர் 1987 முதல் கான்டினென்டலிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் யூனிராயல் பெயரும் செம்பெரிட், பாரும் ஆகிய பெயர்களும் அதே குடும்பம். பிஎஃப் குட்ரிச்சும் கிளேபரும் மிஷெலின் வீட்டுப் பிள்ளைகள். கூப்பர் 2021-இல் குட்இயருடன் சேர்ந்தது. தாய் நிறுவனம் தன் முதல் வரிசையில் பயன்படுத்திப் பழகிய தொழில்நுட்பத்தை, அடுத்த தலைமுறை வந்த பிறகு, இந்தப் பெயர்களில் குறைந்த விலைக்குத் தருவது வழக்கம். எல்லா மாடலும் அப்படி என்று பொதுப்படுத்த முடியாது. ஆனால் யாரென்றே தெரியாத ஒரு பெயரைவிட, பின்னால் நிற்கும் ஆய்வுக்கூடம் எதுவென்று தெரிந்த பெயர் மேல். இவற்றுக்கு இணையாக, ஹான்குக், கும்ஹோ, ஃபால்கன், டோயோ போன்ற நிறுவனங்களின் வேக டயர்கள் முதல் வரிசைக்கு மிக நெருக்கமான திறனை அதைவிடக் குறைந்த விலையில் தருகின்றன. நடுத்தரப் பணத்துக்கு எங்கே முதலில் தேட வேண்டும் என்று கேட்டால் நான் கைகாட்டுவது இந்த வரிசையைத்தான்.

இன்னொரு வழி, முதல் வரிசையின் போன தலைமுறை. குட்இயரின் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 5 வெளிவந்து சில ஆண்டுகளில் அசிமெட்ரிக் 6 வந்தது; மிஷெலினில் பைலட் ஸ்போர்ட் 4-க்குப் பின் பைலட் ஸ்போர்ட் 5 வந்தது. புதியது வந்ததால் பழையது ஒரே இரவில் மோசமாகிவிடுவதில்லை. அது நேற்று வரை சோதனைகளில் முதலிடத்துக்குப் போட்டியிட்ட டயர். கடைக்காரர் இருப்பைக் காலிசெய்யும் விலையில் கொடுத்தால் தயங்காமல் எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நிழலில், முறையாகச் சேமித்த ஓரிரண்டு ஆண்டுப் பழைய டயரில் குறையொன்றும் இல்லை. ஐந்து ஆண்டு ஆன டயரை எந்த விலைக்கும் புதியது என்று வாங்கக் கூடாது. தேய்மானம் தெரியாவிட்டாலும் ரப்பர் காலத்தால் இறுகும். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை, பத்து ஆண்டில் கட்டாய மாற்றம் என்பது மிஷெலின் தன் வாடிக்கையாளர்களுக்குத் தரும் அறிவுரை.

பயன்படுத்திய டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழியில் மோதி உள்ளே நூலிழை அறுந்ததோ, காற்றில்லாமல் ஓடிப் பக்கச்சுவர் நலிந்ததோ வெளியே தெரியாது. புதிய டயரில் 8 மி.மீ. ஆழப் பள்ளங்கள் இருந்தால், பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மி.மீ.; அதாவது பயன்படக்கூடிய ரப்பர் 6.4 மி.மீ. மட்டுமே. 4 மி.மீ. மீதமிருக்கும் பழைய டயரைப் பாதி விலைக்கு வாங்கினால், பயன்படும் ரப்பரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கிறது. கணக்கே உதைக்கிறது.

சில உரிமையாளர்கள் கார் நிறுவனத்தின் சிறப்புக் குறியீடு உள்ள டயரைத்தான் போட வேண்டுமா என்று குழம்புவதுண்டு. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, போர்ஷேவுக்கு என் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் எனப் பக்கச்சுவரில் அடையாளம் இருக்கும். அந்தக் காருக்கென்றே கலவையிலும் கட்டமைப்பிலும் திருத்தம் செய்யப்பட்ட டயர் என்பது அதன் பொருள். அவை நன்றாகவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் விலை கூடும். குறியீடு இல்லாத, சோதனைகளில் நல்ல பெயர் எடுத்த டயர் பெரும்பாலான சாலை ஓட்டத்துக்குப் போதும். ஒரே அச்சில் குறியீடு உள்ளதையும் இல்லாததையும் கலக்காமல் இருந்தால் சரி. ரன்-ஃப்ளாட் டயர்களோடு வந்த காரில் சாதாரண டயர்களுக்கு மாறுவது விலையிலும் பயணச் சுகத்திலும் லாபம் தரும். பஞ்சரானால் ரன்-ஃப்ளாட் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த வசதி போய்விடும். காரில் மாற்றுச் சக்கரம் வைக்க இடமே இல்லை என்றால், ஒட்டும் திரவமும் சிறு காற்றடிப்பானும் அடங்கிய பையை அந்த மிச்சத்திலிருந்தே வாங்கி வைத்துவிட வேண்டும்.

எந்தக் காருக்கு எந்த ஆயுள் என்பதிலும் யோசிக்க இடமிருக்கிறது. உதாரணத்துக்கு, 100 ரூபாய் டயர் 40,000 கி.மீ. உழைக்கிறது, 65 ரூபாய் டயர் 24,000 கி.மீ. உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவதின் செலவு 2.50, இரண்டாவதின் செலவு 2.71, மாட்டும் கூலியும் பேலன்சிங் செலவும் சேர்ந்தால் மலிவானது இன்னும் பின்தங்கும். தினமும் ஓடும் காருக்கு இந்தக் கணக்கே வழிகாட்டி. ஆனால் வார இறுதியில் மட்டும் வெளியே வந்து ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓடும் காரில் நிலைமை தலைகீழ். அங்கே டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும்; 40,000 கி.மீ. ஆயுளுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீணாகலாம். அத்தகைய காருக்கு, விரைவில் தேயும் ஆனால் நன்றாகப் பிடிக்கும் டயரே உண்மையான சிக்கனம். ஆயுளை விட்டுக்கொடுக்கலாம் என்று முன்னர் சொன்னது இந்தப் பொருளில்தான்.

நான்கையும் ஒன்றாக மாற்ற முடியாதபோது இரண்டு இரண்டாக மாற்றலாம். புதிய இரண்டையும் பின் அச்சில் போட வேண்டும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும். இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஈரத்தில் முன்சக்கரம் பிடிப்பிழந்தால் கார் நேராகப் போகும், ஓட்டுநர் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் பிடிப்பிழந்தால் கார் சுழன்றுவிடும், அதைச் சமாளிக்கும் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர்கள் கொண்ட கார்களில், பின்னாலிருந்த டயர்களை முன்னுக்குக் கொண்டுவரும் இந்த இடமாற்றமே சாத்தியமில்லை. அவற்றில் பின் டயர்கள் இரு மடங்கு வேகத்தில் தேய்ந்தாலும் அவற்றை மட்டும் மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். நான்கு சக்கர இயக்கமுள்ள கார்களில் கூடுதல் கவனம் தேவை. புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள சுற்றளவு வேறுபாட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிஃபரன்ஷியலும், முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நடு இணைப்பும் ஓயாமல் சுழன்று சூடேறும். எவ்வளவு வேறுபாடு அனுமதி என்பது கையேட்டில் இருக்கும். இரண்டு டயரில் மிச்சம் பிடித்த பணம் கியர்பெட்டிப் பழுதில் போய்விடக் கூடாது.

டயர் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். சக்கரம் நேர்கோட்டிலிருந்து கால் டிகிரி விலகி நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். பழைய வேகக் கார்களில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தளர்ந்து இந்தக் கோணம் ஓட்டத்திலேயே மாறும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத் தெரியும், உள்விளிம்பு மட்டும் நூல் தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருக்கும். கழற்றிய பழைய டயரின் இரு விளிம்புகளையும் தடவிப் பார்த்துவிட்டு அலைன்மென்டுக்குப் போனால், எந்தச் சக்கரத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காற்றழுத்தம் செலவே இல்லாத பாதுகாப்பு. விமான டயர்களை ஆராய்ந்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் தந்த சூத்திரத்தின்படி, நீரின் ஆழம் டயரின் பள்ளங்களை மீறும்போது அது மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 2.3 பார்) அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 95 கி.மீ.; 25 ஆகக் குறைந்துவிட்டால் 83 கி.மீ. கார் டயர்களில் அகலமும் பள்ளங்களின் ஆழமும் இந்த எண்களை மாற்றும் என்றாலும், போக்கு அதுவே. அகலமான டயர் நீரை ஒதுக்கித் தள்ளச் சிரமப்படும். பள்ளம் குறையக் குறைய அந்தச் சிரமம் கூடும். ஆகவே வேகக் காரில் 1.6 மி.மீ. வரை காத்திருக்காமல் 3 மி.மீ. அளவிலேயே மாற்றத் திட்டமிடுவது நல்லது. இப்படிச் சொல்வது செலவைக் கூட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கடைசி 1.4 மி.மீ.க்குள் வாங்குவதற்கு அவசரமில்லை. போன தலைமுறை டயர் தள்ளுபடிக்கு வரும் வரை காத்திருக்கவும், சோதனை முடிவுகளைப் படிக்கவும், விலைகளை ஒப்பிடவும் சில வாரங்கள் கையிலிருக்கும். நூல் தெரிந்த பிறகு கடைக்குப் போகிறவர், அன்று அங்கே இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்.